ஜகாத் சேலையும் சுந்தரபாண்டியத்துத் தறியும்



ரமளான் நெருங்கும்போது நம் ஊர்த் துணிக்கடைகளின் வாசலில் ஒரு பலகை தொங்கத் தொடங்கும்: ‘ஜகாத் சேலைகள், ஜகாத் லுங்கிகள் மொத்த விலையில் கிடைக்கும்.’ ஐம்பது, நூறு என்று கட்டுக்கட்டாக வாங்கிச் சென்று, இருபத்தேழாம் கிழமைக்கு முன்பாகப் பங்கிட்டுவிட்டால் அந்த ஆண்டின் கடமை நிறைவேறியதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். ஜகாத்தைச் சேலையாகக் கொடுக்கலாமா, பணமாகவே கொடுக்க வேண்டுமா என்பது பற்றி உலமாக்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அந்தச் சேலை எங்கே நெய்யப்பட்டது, அதற்கு நாம் கொடுத்த பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

அக்கட்டுகளில் பெரும்பகுதி சூரத்தின் விசைத்தறிகளில் உருவாகும் பாலியெஸ்டர் துணி. அது இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் வந்தடையும்போது, அவ்வூர்களின் வடக்கே வத்திராயிருப்புப் பக்கத்தில் இருக்கும் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிகள் கூலிக்குக் காத்திருக்கின்றன. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற சிறு பேரூராட்சி அது. பாவு ஓடுதல், கஞ்சியிடுதல், தார் சுற்றுதல் என்று ஒரு சேலைக்குள் ஒரு குடும்பம் முழுவதன் உழைப்பும் அடங்கியிருக்கும். நாடாவை வீசுபவர் ஒருவரே என்றாலும், அவர் கைக்கு ஊடைநூல் வந்து சேர மனைவியும் பெற்றோரும் உழைத்திருப்பார்கள். கூலிக் கணக்கில் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கும்.

இப்பகுதியின் சிறப்பு என்னவென்றால், துணித் தொழிலின் மூன்று காலங்களும் இங்கே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. சுந்தரபாண்டியத்தில் கைத்தறி. இராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். இராஜபாளையத்திலோ, 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலம் முதல் வளர்ந்து வந்த நூற்பாலைகள். சில மணி நேரத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம். இயந்திரம் மனிதனின் வேலையைப் பறிக்கிறதா என்று செயற்கை நுண்ணறிவை முன்வைத்து இன்று உலகம் விவாதிக்கிறது. நம் பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் கணினியின் முன் அமர்ந்து அஞ்சுகிறார்கள். அந்த விவாதம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

நூற்பாலையை முதலில் எடுத்துக்கொள்வோம். பஞ்சுப் பொதி உடைபட்டு, புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் என்று கடந்து, ஸ்பின்னிங்கில் நூலாகிறது. முன்பு நூல் நிறைந்த காப்புகளைக் கழற்றி வெற்றுக் காப்புகளை மாட்டுவதற்கென்றே ஒரு குழு இருந்தது. டாஃபிங் என்னும் அந்த வேலை பல இளைஞர்களுக்கு ஆலையின் முதல் படி. இன்றைய நீண்ட இயந்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்களின் காப்புகளைத் தானே ஒருசேரக் கழற்றித் தானே மாட்டிக்கொள்கிறது. கோன் வைண்டிங்கில் அறுந்த நூலைக் கையால் முடிச்சிட்ட பெண்களின் இடத்தில், முடிச்சே இல்லாமல் நூலின் முனைகளைக் காற்றால் பிணைக்கும் ஆட்டோ கோனர் நிற்கிறது. நூலின் தரம் உயர்ந்தது உண்மை. பஞ்சுத் தூசியில் மூச்சுவிடும் மனிதர்களின் எண்ணிக்கை குறைந்ததும் நன்மையே. குறைந்த வேலையின் பயன் உழைத்தவருக்கு ஓய்வாகவும் உயர்ந்த ஊதியமாகவும் திரும்பியதா என்றால், பெரும்பாலும் இல்லை. எஞ்சிய வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வந்தார்கள். தமிழகத்தின் பல நூற்பாலைகளில், திருமணச் செலவுக்கு மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய முறைக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று அழகான பெயரும் இருந்தது. இடையில் உடல்நலம் குன்றி வீடு திரும்பியவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமற்போவதும் உண்டு. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, கூலியை மூன்றாண்டு நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் கடமை இருக்கிறது. எத்தனை ஜும்ஆ மேடைகளில் அது பேசப்பட்டது?

இயந்திரத்தை வெறுப்பது நம் மார்க்கத்தின் வழியன்று. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்ததையும், கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததையும் அல்லாஹ் தன் அருட்கொடையாகவே குர்ஆனில் குறிப்பிடுகிறான் (34:10-11, 21:80). அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே அவர் உண்டார் என்பது புகாரியில் வரும் செய்தி. நெசவாளரும் புதுமைக்குப் பகைவராக இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் விசை நாடாவைப் புகுத்தும் முயற்சியில் ஈடுபட்டார். சில பத்தாண்டுகளுக்குள் அது தமிழகத்துத் தறிகளில் பரவிவிட்டது. கயிற்றை இழுத்தால் நாடா தானே பாயும், நெசவின் வேகம் கூடும். அதை நெசவாளர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளிது: அந்தக் கருவி அவர் வீட்டிலேயே, அவர் தறியிலேயே பொருந்தியது. கூடிய வேகத்தின் பயனில் ஒரு பங்காவது அவருக்கு வந்தது.

எனவே ‘கருவி யாருடையது?’ என்று கேட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். நானும் அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்ளவே விரும்புவேன், ஆனால் விசைத்தறிக்காரரின் நிலை அதற்கு இடம்கொடுப்பதில்லை. அவருக்குச் சொந்தத் தறி இருக்கிறது. கொட்டகை இருக்கிறது. வங்கிக் கடனும் இருக்கிறது. நூல் அவருடையதன்று. ஜவுளி வியாபாரி பாவு நூலைத் தருவார், இவர் நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம், அதற்கு முன் ஒரு வேலைநிறுத்தம் என்பதே இத்தொழிலின் பஞ்சாங்கம். 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறி உரிமையாளர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் தறிகளை நிறுத்திவைத்தார்கள். ஊரார் கண்ணுக்கு அவர்கள் முதலாளிகள். நூலும் ஆர்டரும் எவர் கையில் இருக்கின்றனவோ அவரிடம் கூலி உயர்வு கேட்டு நிற்கும்போது அவர்களும் தொழிலாளிகளே.

அதிகாரத்தின் இன்னொரு கயிறு கடன். குமாரபாளையத்து விசைத்தறிகளில் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்குப் ‘பாக்கி’ என்றே பெயர். அந்தப் பணத்துக்கு வட்டி கேட்பதில்லை என்பதால் அது உதவி போலத் தோன்றும். பாக்கியை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது என்பதே அதற்குரிய விலை. கைத்தறியிலும் தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் அவர் சொல்லும் கூலிக்கே நெய்ய வேண்டியிருக்கும். கடன் கொடுத்தவருக்கு ஆதாயம் ஈட்டித்தரும் ஒவ்வொரு கடனும் ரிபாவின் வாசலில் நிற்கிறது என்பது ஃபிக்ஹு அறிஞர்களிடம் பரவலாக அறியப்பட்ட விதி. முன்பணத்தைக் காட்டிச் சந்தைக் கூலியைவிடக் குறைத்துக் கொடுப்பவர், வட்டி வாங்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? வங்கி வட்டியைப் பற்றி இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், இந்த வட்டியைக் கண்டுகொள்வதே இல்லை.

சுந்தரபாண்டியத்தில் நெய்பவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்தவர் அல்லர், நமக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். இராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசிச் சாலையில் சென்றால் கடையநல்லூர் வரும். அவ்வூர் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக நெசவாளர்கள். தறி சோறு போடாத காலத்தில் அவர்கள் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூராருக்கென்று ஒரு முஸ்லிம் லீக் சங்கமே 1941இல் உருவாகும் அளவுக்கு அங்கே அவர்கள் திரண்டிருந்தார்கள். திருநெல்வேலி மேலப்பாளையத்தின் முஸ்லிம்களும் நெசவாளர்களே. தறிகள் ஓய்ந்தபின் அவ்வூர்ப் பெண்களின் மடியில் பீடித் தட்டு ஏறியது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் லெப்பைமார்களின் வீடுகளை இன்றும் காணலாம். கடல் தாண்டிப் பொருளீட்டிய பாட்டனாரைப் பெருமையாகப் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு, அவரை ஊரைவிட்டு விரட்டியது தறியின் வீழ்ச்சி என்பது நினைவிருக்கிறது?

எண்கள் கடுமையானவை. 1995-96 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து 65 லட்சத்துக்கும் மேல். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். இந்த வீழ்ச்சியை ‘காலத்தின் கட்டாயம்’ என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். காலம் தானாக எதையும் செய்வதில்லை. கைத்தறிக்கென 22 இரகங்களை ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, பிறகு அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருக்கப்பட்டது. கைத்தறிக்குத் தேவை சிட்டா நூல், விசைத்தறிக்குத் தேவை கோன் நூல். உள்நாட்டு விற்பனைக்குக் கட்டும் நூலில் 40 விழுக்காட்டை நூற்பாலைகள் சிட்டாவாகத் தர வேண்டும் என்றிருந்த கடமை, 2019 ஜனவரியில் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவை மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்த முடிவுகள். ஆலைகளின் சங்கங்களுக்கு அந்த மேசையில் இருந்த செல்வாக்கு சுந்தரபாண்டியத்து நெசவாளிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தமிழக அரசு கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் தருவதையும், 1983 முதல் பொங்கலுக்கான இலவச வேட்டி சேலைத் திட்டத்தால் நெசவாளர்களுக்கு வேலை தருவதையும் மறுக்கவில்லை. அது ஆறுதல். அதிகாரம் இடம் மாறவில்லை.

செல்வம் உங்களில் செல்வந்தர்களுக்கிடையே மட்டும் சுற்றிவரும் ஒன்றாக ஆகிவிடக் கூடாது என்ற காரணத்தை அல்லாஹ் சூரத்துல் ஹஷ்ரில் (59:7) வெளிப்படையாகவே கூறுகிறான். இவ்வசனத்தை நாம் ஜகாத்துக்கு மட்டும் பொருத்திப் பேசிப் பழகிவிட்டோம். உமர் (ரலி) அவர்கள் அதைச் சொத்துரிமைக்கே பொருத்தினார்கள். இராக்கின் வளமான ஸவாத் நிலங்கள் வெற்றிகொள்ளப்பட்டபோது, அவற்றைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று படைவீரர்கள் கேட்டார்கள். பிலால் (ரலி) போன்ற பெரும் தோழர்களே அதை வலியுறுத்தினார்கள். பங்கிட்டால் பெரும் வருவாய் ஒரு சிலர் கைக்குப் போய், அவர்கள் மறைந்தபின் ஓர் ஆணிடமோ ஒரு பெண்ணிடமோ குவிந்து, பின்னால் வருவோருக்கு ஒன்றும் இராது என்று முஆத் இப்னு ஜபல் (ரலி) எச்சரித்ததாக அபூ உபைதின் கிதாபுல் அம்வாலில் பதிவாகியுள்ளது. பல நாள் விவாதத்துக்குப் பிறகு உமர் (ரலி) ஹஷ்ர் வசனங்களையே ஆதாரமாகக் காட்டி, நிலத்தைப் பங்கிட மறுத்து, உழுபவர் கையிலேயே விட்டு, அதன் வரியை எல்லாருக்கும் பிற்காலத்தாருக்கும் உரியதாக்கினார்கள். அக்காலத்தில் நிலமே இயந்திரம். அதை ஒரு சிலர் வசம் விடுவதா என்ற கேள்வியை நம் இரண்டாம் கலீஃபா எதிர்கொண்டு தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

இங்கே ஜகாத் சட்டத்தில் ஓர் இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கைவினைஞரின் கருவிகளுக்கு ஜகாத் இல்லை என்று முற்கால ஃபுகஹாக்கள் சொன்னார்கள். தச்சரின் உளியும் நெசவாளரின் தறியும் அவர் வயிற்றுக்கானவை, வளரும் செல்வமல்ல. எவ்வளவு கருணையான சட்டம்! இன்று அதே சட்டத்தின் நிழலில் கோடிக்கணக்கான மதிப்புள்ள தானியங்கி இயந்திரம் ஒதுங்கிக்கொள்கிறது. கடைக்காரர் தம் சரக்கு முழுவதற்கும் இரண்டரை விழுக்காடு கணக்கிட்டுக் கொடுக்கிறார். அவரைவிடப் பன்மடங்கு செல்வம் இயந்திரமாக நிற்பதால் தொழிற்சாலை அதிபருக்கு அதில் கடமை ஏதுமில்லை. இலாபப் பணத்துக்கு ஜகாத் உண்டே என்பார்கள். உண்டு. அந்த இலாபம் ஆண்டு நிறைவதற்குள் அடுத்த இயந்திரமாக மாறிவிட்டால்?

இந்தச் சிக்கலை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1952இல் டமாஸ்கஸில் நடந்த அரபு லீக்கின் அமர்வில் அபூ ஸஹ்ரா, அப்துல் வஹ்ஹாப் கல்லாஃப், அப்துர் ரஹ்மான் ஹஸன் ஆகிய அறிஞர்கள் இதை எழுப்பினார்கள். கைவினைஞரின் கருவியும் தொழிற்சாலையும் ஒன்றல்ல, தொழிற்சாலை நிலத்தைப் போன்றது, எனவே நிலத்தின் விளைச்சலைப் போல அதன் வருவாயில் ஜகாத் உண்டு என்பது அவர்கள் கருத்து. யூசுஃப் அல்கர்ளாவி தம் ‘ஃபிக்ஹுஸ் ஜகாத்’ நூலில் இதை விரித்து, செலவு போக எஞ்சும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு என்று நிறுவினார். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. கருவிக்கு ஜகாத் இல்லை, கையிருப்பில் ஓராண்டு தங்கிய வருவாய்க்கு இரண்டரை விழுக்காடே என்பது அவர்கள் நிலை. தீர்ப்பளிக்க நான் முஃப்தி அல்லன். ஆனால் சட்டத்தின் காரணத்தைப் பார்த்தால் முதல் கருத்தே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. நெசவாளியைக் காக்க எழுந்த சலுகையை, அவரை வேலையிழக்கச் செய்யும் இயந்திரத்துக்கு அப்படியே நீட்டுவது ஒப்புநோக்கின் பிழையாகவே தோன்றுகிறது. நம் மதரஸாக்கள் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்து ஆலிம்கள் தறியின் அருகே சென்று பார்த்துச் சட்டம் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு ஹனஃபி மத்ஹபிலேயே சான்று இருக்கிறது. நெசவாளியிடம் நூலைக் கொடுத்து, நெய்த துணியில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கூலியாகத் தருவது மத்ஹபின் மூலச் சட்டப்படி கூடாது. பல்கு நகரத்து அறிஞர்களோ, தங்கள் ஊர் நெசவாளர்களின் வழக்கத்தைக் கருதி அதை அனுமதித்தார்கள். நெய்தவருக்குத் துணியிலேயே பங்கு! இன்றைய கூலி ஒப்பந்தம் எதுவும் அவ்வளவு தூரம் போவதில்லை.

இராஜபாளையத்துப் பெரிய ஆலைகள் நம்மவருடையவை அல்லவே, இவற்றையெல்லாம் எழுதி என்ன பயன் என்று தோன்றலாம். ஆலை நம்முடையதன்று, கடை நம்முடையது. தமிழகத்துச் சந்தைத் தெருக்களில் ஜவுளி வணிகம் செய்யும் முஸ்லிம்கள் எத்தனை ஆயிரம் பேர்! எந்த இரகத்துக்கு ஆர்டர் போவது, எந்தத் தறிக்குப் பணம் எந்த மாதத்தில் போய்ச் சேர்வது என்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதிகாரம் நூலிலும் கடனிலும் ஆர்டரிலும் இருக்கிறது என்றால், அந்த மூன்றாவது கயிற்றின் ஓர் இழை நம் கையில் இருக்கிறது. ரமளானில் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் தனி மனிதர்களும் வாங்கும் சேலைகளை எண்ணிப் பாருங்கள்.

ஏழைக்குத் தேவை பணமாக இருக்கும்போது சேலையைத் திணிக்காமல் இருப்பதே முதலில் செய்யத்தக்கது. துணிதான் கொடுப்பது என்று முடிவெடுத்தால், பத்துப் பாலியெஸ்டர் சேலைக்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்த பருத்திச் சேலைகள் சிலவற்றை வாங்கலாம். எண்ணிக்கை குறையும் என்பது உண்மையான இழப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் மூன்று நான்கு மெல்லிய சேலைகளைப் பெற்று, அவற்றை உடுத்தாமல் பழைய துணிக்காரனிடம் பாத்திரத்துக்குப் போடும் பெண்களை நாம் அறிவோம். வெயிலில் உடுத்தத்தக்க ஒரு சேலை அவர்களுக்கு மதிப்பாகவே இருக்கும். நெசவாளர் முஸ்லிமல்லாதவர் என்பதால் ஜகாத் சட்டத்தில் சிக்கலும் எழுவதில்லை. ஜகாத் பெறுபவர் நம் ஏழைச் சகோதரி, நெசவாளருக்குப் போவது நேர்மையான வணிகத்தின் விலை.

நம் சமுதாயத்துக்குள்ளே தொழில் தெரிந்தும் கருவியில்லாமல் நிற்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. தொழில் அறிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம், அதன் விலை குறைவானாலும் கூடுதலானாலும் சரியே என்று இமாம் நவவி (ரஹ்) தம் ‘மஜ்மூஉ’ நூலில் கூறி, காய்கறி விற்பவர் முதல் நகை வணிகர் வரை வரிசையாக எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். ஒரு பைத்துல்மால் ஆண்டுக்கு இருநூறு சேலை கொடுப்பதை நிறுத்தி, தையல் தெரிந்த ஒரு சிலருக்கு மின் தையல் இயந்திரத்தையோ, பத்தமடையில் பாய்த் தறியையோ உடைமையாக்கிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு ஜகாத் வரிசையில் அத்தனை பேர் குறைவார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாக வைத்துக்கொள்ளும்படி கொடுத்து, அவர்களுக்கு முன்பணமின்றி நூலும் ஆர்டரும் கிடைக்க ஜமாஅத்தே பொறுப்பேற்றால் இன்னும் நல்லது. நூலும் ஆர்டரும் இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு விசைத்தறிக்காரர்களே சாட்சி.

கைத்தறியில் ஒரு சேலை இறங்க, வேலைப்பாட்டைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ நாளும் அதற்கு மேலும் ஆகும். ஷஅபான் கடைசியில் போய் நூறு சேலை கேட்டால் எந்தச் சங்கத்தாலும் தர இயலாது. அடுத்த ரமளானுக்கு வேண்டுமென்றால் ரபீஉல் அவ்வலுக்குள் ஜமாஅத் கூடி எண்ணிக்கையை முடிவு செய்து, நூல் வாங்குவதற்கான முன்தொகையுடன் சுந்தரபாண்டியத்துக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் பேருந்தில் போய் வருவது ஒரு காலைப்பொழுது வேலைதான்.